கோடு விழாத குஞ்சுகள்

தொட்டிக்காரர் சோப்புப் போட்டுக் கை கழுவும் வழக்கமில்லாதவர். ஆகையால், அவரைக் கடைசியாகக் குளிப்பாட்ட வந்தவர்கள் அந்த வீட்டில் சோப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

"ஒரு குடும்பம் நடத்துற வீட்டுல ஒரு சோப்புக்கட்டிகூடவா இருக்காது?" என்று எதிர்வீட்டுத் தையல்காரர் குளியலறையிலிருந்து குரல் கொடுத்தார்.

"மேல் தட்டுல தகர டப்பா இருக்கு பாருங்க, அதுக்குள்ள," என்றாள் தொட்டிக்காரரின் மனைவி. காலையிலிருந்து அவள் பேசிய முதல் வாக்கியம் அதுதான்.

அந்த வீட்டில் சோப்பு ஒரு நஞ்சைப்போலப் பூட்டி வைக்கப்பட்டிருந்தது. மாலையில் வேலையெல்லாம் முடிந்த பிறகு அது வெளியே வரும். குளித்து முடித்ததும் டப்பாவுக்குள் போய்விடும். முகப்பவுடர், வாசனை எண்ணெய், கொசுவர்த்தி ஆகிய யாவும் அவ்வீட்டுக்குப் பகை. பின்கட்டிலிருந்த மீன் அறைக்குள் நுழையுமுன் தொட்டிக்காரர் கைக்கடிகாரத்தையும் மோதிரத்தையும் கழற்றிச் சன்னலில் வைப்பார். வெறுந்தண்ணீரில் முழங்கைவரை கழுவுவார். பிறகு உப்புத் தண்ணீரை ஒரு குவளை எடுத்து அதன்மேல் ஊற்றிக்கொள்வார். விரல் நகத்தில் ஒட்டிய சோப்பு நுரை ஒரு தொட்டிக் குஞ்சுகளைக் கொன்றுவிடும் என்பது அவர் கண்டறிந்த உண்மை. சென்ட் பூசிக்கொண்டு வந்த விருந்தினரோடு அவர் சன்னல் வழியாகவே பேசி அனுப்பியதும் உண்டு.

அதனால் அவர் மனைவியும் பவுடர் பூசுவதை விட்டுப் பல வருஷங்கள் ஆகியிருந்தன. உறவுக்காரர் திருமணங்களுக்கு அவள் அப்படியே போய் நிற்கும்போது, "ஏதோ இழவு வீட்டுக்கு வந்தவ மாதிரி வந்து நிக்கறா பாரு," என்று தொட்டிக்காரரின் அக்காள் எல்லோருக்கும் கேட்கும்படியாகவே சொல்வாள். இன்று அதே முகத்தோடு அவள் கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். இன்று அதைப்பற்றி எவரும் ஒன்றும் சொல்லவில்லை.

தெருவில் அந்த வீட்டுக்குப் பிரசவ ஆஸ்பத்திரி என்று பெயர். வைத்தவர் தையல்காரர்தாம். "என்ன சார், இன்னைக்குச் சுகப்பிரசவமா, ஆபரேஷனா?" என்று காலைதோறும் எதிர்த் திண்ணையில் உட்கார்ந்தபடி அவர் கேட்பார். தொட்டிக்காரரும் சளைத்தவரல்லர். "இங்கே ஆம்பளைதான் சார் முட்டையைப் பார்த்துக்கிறான். அவ போட்டுட்டுத் திரும்பிக்கூடப் பார்க்கறதில்ல. உங்களையும் ஒரு தொட்டியில விட்டா உங்க வீட்டம்மாவுக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும்," என்பார்.

அவர் வளர்த்தவை கோமாளி மீன்கள். ஆரஞ்சு நிற உடம்பில் மூன்று வெள்ளைக் கோடுகள் கொண்டவை. கடலில் பிடிக்காமல் கண்ணாடித் தொட்டிக்குள்ளேயே முட்டையிடச் செய்து குஞ்சு வளர்த்துக் கடைகளுக்கு அனுப்புவது அவருடைய தொழில். ஒரு சோடி சேர்ந்துவிட்டால் முட்டையிடுவது பெரிய காரியமன்று. தொட்டிக்குள் சாய்த்து வைத்த மண் ஓட்டில் அவை முட்டைகளை ஒட்டிவைக்கும். ஆண்மீன் அவற்றின்மேல் ஓயாமல் துடுப்பால் விசிறிக்கொண்டிருக்கும். அழுகிய முட்டையை வாயால் கொத்தி எடுத்துவிடும். ஆரஞ்சு நிற முட்டைகளுக்குள் வெள்ளிப்பொட்டாகக் கண்கள் தெரியத் தொடங்கியதும், தொட்டிக்காரர் தொட்டியின்மேல் கறுப்புத் துணியைப் போர்த்துவார். இருட்டில்தான் அவை வெடித்து வெளியே வரும்.

காரியம் அதற்குப் பிறகுதான். நூலைக் கத்தரித்துப் போட்டதுபோன்ற அந்தக் குஞ்சுகள் உலர்தீனி எதையும் ஏறெடுத்தும் பாரா. பாசி வளர்த்த பச்சைத் தண்ணீரில் பெருகும் கண்ணுக்குத் தெரியாத உயிர்த்தீனி ஒன்றே அவற்றுக்கு உணவு. தண்ணீருக்குள் காற்று மெல்லக் குமிழியிட்டுக்கொண்டிருக்க வேண்டும். மிகுந்தால் குஞ்சுகள் சுழன்று சாகும். நின்றால் அடியில் தங்கிச் சாகும். உடம்பில் வெள்ளைக் கோடு தெரிகிறவரை ஒன்றுக்கும் உத்தரவாதமில்லை. "கோடு விழட்டும், அப்புறம் பேசலாம்," என்பது தொட்டிக்காரர் எதற்கும் சொல்கிற பதில். வீட்டுக்கு வெள்ளையடிப்பதைப் பற்றிக் கேட்டாலும், உடம்பைப் பரிசோதித்துக்கொள்ளச் சொன்னாலும் அதுவே பதில்.

அவருக்கும் அவளுக்கும் பிள்ளையில்லை. "தொட்டியில ஆயிரம் பிள்ளை, தொட்டில்ல ஒண்ணும் இல்ல," என்று அக்காள் ஒருமுறை சொன்னாள். அன்று மாலை தொட்டிக்காரர் அறையிலேயே வெகுநேரம் இருந்துவிட்டு வந்து, "அக்கா சொன்னதுல தப்பு என்ன தெரியுமா? ஆயிரம் இல்ல. பாதிகூடப் பிழைக்காது," என்று மட்டும் மனைவியிடம் சொன்னார்.

அவரைக் குளிப்பாட்டிக் கூடத்துக்குக் கொண்டுவந்தார்கள். வலது கையின் சுட்டுவிரலிலும் நடுவிரலிலும் கருகிய தடம் இருந்தது. வெள்ளைத் துணியை இழுத்து அக்காள் அந்தக் கையை மூடினாள்.

முந்தைய நாள் பிற்பகலில் நடந்தது இது. குஞ்சுத் தொட்டியில் தண்ணீரைச் சூடாக வைத்திருக்கும் ஹீட்டரின் கண்ணாடிக் குழாய் கீறிப்போயிருந்தது. அது அவருக்குத் தெரியாது. அடியில் தேங்கிய அழுக்கை உறிஞ்சி எடுப்பதற்காக ஒரு கையைத் தண்ணீருக்குள் விட்டார். மறு கை இரும்புத் தாங்கியைப் பற்றியிருந்தது. மனைவி பச்சைத் தண்ணீர்ச் செம்போடு உள்ளே வந்தபோது அவர் தாங்கியோடு சேர்ந்து நின்றுகொண்டிருந்தார், விழுந்திருக்கவில்லை. அவள் ஓடிப்போய் வாசலிலிருந்த மெயின் ஸ்விட்சை இழுத்து அணைத்தாள். அதன் பிறகே அவர் விழுந்தார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்து அக்காள் தன் இளைய தம்பியைக் கேட்டாள். அவன் ஒயர்மேன், மீன் அறைக்கு ஒயரிங் செய்து கொடுத்தவன் அவனே.

"கரண்ட் கசிஞ்சா கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள தானா நின்னுடும், குழந்தை கையை வச்சாலும் ஒண்ணும் ஆகாதுன்னு ஒரு ஸ்விட்ச் மாட்டினியே. அது என்னடா ஆச்சு?"

"பார்க்கறேன் அக்கா."

"எதைப் பார்ப்பே? இனிமே எதைப் பார்ப்பே?"

மாலையில் அவன் மட்டும் வீட்டுக்குப் போனான். உடைந்த ஹீட்டரை அகற்றிவிட்டுக் காற்று மோட்டார்களுக்கு மின்சாரம் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தான். வந்து அக்காளின் முன்னால் நின்று, "நான் சரியா மாட்டல அக்கா. தப்பு என்னுதுதான்," என்றான். அக்காள் எழுந்து அவனைக் கன்னத்தில் அறைந்தாள். தாயில்லாத தம்பிகள் இருவரையும் இடுப்பிலும் தோளிலுமாகத் தூக்கி வளர்த்த கை அது. அவன் முகத்தைத் திருப்பவில்லை.

மனைவி அப்போது பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். தப்பு அவனுடையதன்று என்பது அவளுக்குத் தெரியும். அந்த நிமிஷத்தில் அவளுக்கு வாய் வரவில்லை. அடுத்த நிமிஷத்திலும் வரவில்லை.

உப்புக் காற்று நிறைந்த அந்த அறையில் ஒயர்மேன் மாட்டிய அந்த ட்ரிப் ஸ்விட்ச் அடிக்கடி விழும். குமிழிகள் தெறிக்கிற உப்பு, பிளக்குகளின்மேல் வெள்ளையாகப் பூத்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். சிறு கசிவு போதும், ஸ்விட்ச் விழுந்து எல்லா மோட்டார்களும் நின்றுவிடும். ஒரு தடவை அவர்கள் தூங்கிக்கொண்டிருந்தபோது அவ்வாறு விழுந்தது. விடிந்ததும் போய்ப் பார்த்தால், கோடு விழத் தொடங்கியிருந்த குஞ்சுகள் அத்தனையும் தொட்டியின் அடியில் சாம்பல்போலப் படிந்திருந்தன. தொட்டிக்காரர் அவற்றை உறிஞ்சி வாளியில் விட்டார். சிற்றுண்டியைத் தொடாமல் திரும்ப அறைக்குப் போனவர், ஸ்விட்ச் பலகையைத் திறந்து, ட்ரிப் ஸ்விட்சுக்கு உள்ளே போகிற ஒயரையும் வெளியே வருகிற ஒயரையும் இரண்டு துண்டுகளால் நேரே முறுக்கிச் சேர்த்துவிட்டார். இனி அது விழுந்தாலும் மின்சாரம் நிற்காது.

அவள் பக்கத்தில்தான் நின்றாள்.

"இப்படிச் செய்யலாமா?"

"இனிமே மோட்டார் நிக்காது."

"தம்பியைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டுக்கலாமே."

"அவன்கிட்ட மட்டும் சொல்லிடாதே தாயே. லைசென்ஸை நெஞ்சில குத்திக்கிட்டு வந்து ஒரு மணி நேரம் பாடம் நடத்துவான்." கும்பிடுவதுபோல இரு கைகளையும் குவித்துக் காட்டினார். அவள் சிரித்துவிட்டாள். சொல்லமாட்டேன் என்று தலையையும் ஆட்டினாள்.

கூடத்தில் இப்போது கூட்டம் சேர்ந்திருந்தது. அவரிடம் குஞ்சு வாங்கும் மீன் கடைக்காரர் பெரிய உடம்போடு வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்; துடைத்தபடியே பின்கட்டுக் கதவை ஒருமுறை பார்த்தார். "அந்தப் புது சோடியோட குஞ்சு பொரிச்சிருக்குன்னு போன்ல சொன்னார்மா. குரல்ல அப்படி ஒரு சந்தோஷம். இன்னும் கோடு விழலே, விழட்டும்னார்," என்றார். அவள் தலையசைத்தாள்.

ஒயர்மேன் கூடத்துக்குள் வரவில்லை. பின்கட்டு வாசற்படியில் நின்றான். பிறகு அங்கும் காணப்படவில்லை. வந்தவர்கள் ஒருவர் காதை ஒருவர் கடித்தார்கள். "தம்பி போட்ட ஒயரிங்தானாமே." "நாளைக்கு மின்சார ஆபீஸ்ல இருந்து ஆள் வராங்களாம். எழுதி வாங்குவாங்களாம்." "லைசென்ஸ் போச்சுன்னு வச்சுக்க." "அண்ணனே போயிட்டான், லைசென்ஸ் எதுக்கு?" அக்காள் இவற்றையெல்லாம் கேட்டும் கேளாதவள்போல, இறந்து கிடந்த தம்பியின் தலைமயிரை ஒதுக்கிவிட்டுக்கொண்டே இருந்தாள்.

'பாவம், அவனுக்குத் தெரியாது. தான் மாட்டியதே தவறு என்று நம்பிக்கொண்டிருக்கிறான். அவனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடவேண்டும்' என்று மனைவி நினைத்தாள். அவனிடம் மட்டும் சொன்னால் போதுமா என்பதை அவள் யோசிக்கவில்லை.

அவ்வேளையில் வீட்டில் ஓர் ஓசை நின்றது.

அழுகைக்கும் பேச்சுக்கும் அடியில் இடைவிடாது ஓடிக்கொண்டிருந்த காற்று மோட்டார்களின் முனகல் அது. வேறெவருக்கும் அது நின்றதாகவே படவில்லை. அவளுடைய உடம்பு தானாகவே எழுந்துவிட்டது.

"எங்கே எழுந்து போறே?" என்றாள் அக்காள்.

"மோட்டார் நின்னுடுச்சு அக்கா."

"நிக்கட்டும்! இங்கே இவன் மூச்சே நின்னு கிடக்கறான், உனக்கு மீனுக்கு மூச்சு முட்டுதா?"

பெண்கள் எல்லோரும் அவளை நிமிர்ந்து பார்த்தார்கள். அவள் பின்கட்டுக்கு நடந்தாள். நடக்கும்போதுதான் அது அவளுக்கு உறைத்தது: மோட்டார் நின்றிருக்க முடியாது. அவர் சேர்த்து முறுக்கிய ஒயர் பலகைக்குள் இருக்கிறவரையில் அந்த ஸ்விட்ச் விழுந்தாலும் மோட்டார் ஓடிக்கொண்டுதான் இருக்கும். தெருவில் மின்சாரம் இருக்கிறதா என்று சன்னல் வழியே பார்த்தாள். தையல்காரர் கடையில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

அறைக்குள் ஒயர்மேன் பலகையின்முன் நின்றிருந்தான். ஸ்விட்சின் கைப்பிடியை மேலே தள்ளினான். அது உடனே விழுந்தது. ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்கிப் பார்த்தான். மூலையிலிருந்த ஒன்றைப் பிடுங்கி வெளிச்சத்தில் காட்டினான். அதன் பித்தளைக் கால்களைச் சுற்றி வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது.

"இதுதான் அண்ணி. துடைச்சுட்டா சரியாயிடும்."

கைப்பிடி இப்போது மேலேயே நின்றது. முனகல் திரும்பத் தொடங்கியது. தொட்டிகளில் குமிழிகள் ஏறின. அவள் குஞ்சுத் தொட்டிக்குள் குனிந்து பார்த்தாள். சில அடியில் கிடந்தன. மற்றவை சன்னல் வெளிச்சத்தில் மிதக்கிற தூசியைப்போலத் தண்ணீரின் நடுவில் தொங்கிக்கொண்டிருந்தன. ஒன்றின் உடம்பிலும் கோடு இல்லை.

பிறகு அவள் பலகையைப் பார்த்தாள். மூடி திறந்திருந்தது. இரண்டு துண்டு ஒயர்களும் அங்கே இல்லை. திருகாணிகளின் தலைகள் புதிதாகத் திருகியதால் பளபளத்தன.

"எப்ப எடுத்தீங்க தம்பி?"

"எதை அண்ணி?"

அவள் திறந்த பலகையைக் காட்டினாள். அவன் பிளக்கைச் சட்டை நுனியால் துடைத்தான். துடைத்ததையே மறுபடியும் துடைத்தான்.

"நேத்து சாயங்காலம். ஆஸ்பத்திரியில இருந்து வந்தேன் பாருங்க, அப்பவே."

"அப்போ உங்களுக்குத் தெரியும்."

"மூடியைத் திறந்ததுமே தெரிஞ்சுபோச்சு. அண்ணன் ஒயரை முறுக்கினா மாட்டுக்கயித்துக்கு முடிச்சுப் போட்ட மாதிரி இருக்கும். உனக்கும் கட்டிங் பிளேயருக்கும் ஜாதகப் பொருத்தம் இல்ல, தொடாதேன்னு எத்தனை தடவை..." அவன் உதட்டில் தோன்றவிருந்த சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

"தெரிஞ்சுமா அக்காகிட்ட அப்படிச் சொன்னீங்க?"

"வேற என்ன சொல்றது? உன் தம்பி தன் கையாலேயே தனக்குப் பண்ணிக்கிட்டான்னா? வந்திருக்கறவங்க வாயை நீங்க கேட்கலையா? மீனுக்காகச் செத்த கிறுக்கன்னு இப்பவே பேச ஆரம்பிச்சாச்சு. இதுவும் தெரிஞ்சா சிரிப்பாங்க அண்ணி." அவன் பிளக்கை அதனிடத்தில் சொருகினான். "அக்காவுக்குக் கோபப்பட ஓர் ஆள் வேணும். அது நானா இருந்துட்டுப் போறேன். ஆளே இல்லேன்னா அவங்க உள்ளுக்குள்ளேயே உடைஞ்சு போயிடுவாங்க."

"நாளைக்கு ஆபீசர் வருவாரே."

"வரட்டும். என் ஒயரிங், நான் சரியாப் போடலன்னு எழுதிக் கொடுத்துடறேன்."

"லைசென்ஸ்?"

"போகும். கேஸும் வரலாம். மூட்டை தூக்கறதுக்கு லைசென்ஸ் கேட்கமாட்டாங்களே."

"உங்க வீட்ல என்ன சொல்றாங்க?"

"அவகிட்ட இன்னும் சொல்லல."

அவன் மூடியைப் பொருத்தித் திருகாணிகளை இறுக்கத் தொடங்கினான். கடைசித் திருகாணியில் அவன் கை நின்றது. திரும்பாமலே கேட்டான்.

"அண்ணி, அதை எடுத்தேனான்னு எப்படிக் கேட்டீங்க? அங்கே ஒயர் இருந்தது உங்களுக்கு எப்படித் தெரியும்?"



"அவர் மாட்டும்போது நான் பக்கத்துல நின்னேன்."

அவன் கடைசித் திருகாணியை இறுக்கி முடித்தான். திரும்பியபோதும் அவளைப் பார்க்கவில்லை, தொட்டியைத்தான் பார்த்தான்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"சொல்லக்கூடாதுன்னு சொன்னார்."

சொன்ன பிறகு, பள்ளிக்கூடத்துக் குழந்தையின் பதிலைப்போல அது அவள் காதில் விழுந்தது. ஒயர்மேன் தலையை ஆட்டினான். அதற்குமேல் அவன் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவளுக்குச் சற்று நன்றாயிருந்திருக்கும்.

"உங்களுக்குத் தெரியும்னு யார்கிட்டயும் சொல்லாதீங்க அண்ணி," என்றான் கடைசியில். "அக்கா உங்களை உயிரோட விடமாட்டாங்க. நீங்க இனிமே அவங்களோடதான் இருந்தாகணும். நான் எங்கேயாவது ஓடிடலாம், உங்களால முடியாது. இப்படியே போகட்டும்."

"அங்கே என்ன மீனோட பேச்சு?" என்று கூடத்திலிருந்து அக்காளின் குரல் வந்தது. "வண்டி வந்தாச்சு!"

வண்டி தெருமுனையில் நின்றது. தெரு குறுகலானது, அதுவரை தோளில் சுமந்துதான் போகவேண்டும். கைப்பிடி வைத்த நீண்ட பலகையில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். முன்பக்கத்துக்குத் தையல்காரரும் அவர் மருமகனும் வந்தார்கள். பின்பக்கத்தில் ஒரு மூலையை மீன் கடைக்காரர் பிடித்துக்கொண்டார். நான்காவது மூலைக்கு ஒயர்மேன் குனிந்தான்.

"நீ தள்ளு," என்றாள் அக்காள்.

"அக்கா..."

"உன் கை அவன்மேல படக்கூடாது. நீ போட்ட ஒயர் பட்டது போதும்."

தூக்கத் தயாராயிருந்த மூவரும் பலகையைப் பார்த்தபடி குனிந்தே இருந்தார்கள். ஒயர்மேன் கையை எடுத்துக்கொண்டான். இரண்டடி பின்வாங்கி, செருப்புகள் கழற்றிவிடப்பட்டிருந்த சுவரோரத்தில் போய் நின்றான். அவனுடைய இரண்டு கைகளும் எங்கே இருக்கவேண்டும் என்று தெரியாதவைபோலத் தொங்கின.

"வேற யாராவது ஒருத்தர் வாங்கப்பா," என்று கடைக்காரர் கூட்டத்தைப் பார்த்து மெல்லச் சொன்னார். யாரோ ஒருவர் செருப்பைக் கழற்றினார்.

மனைவி கணவரின் முகத்தைப் பார்த்தாள். சோப்புப் போட்டுத் துடைத்த அந்த முகம் அவளுக்குப் பழக்கமில்லாததாக இருந்தது. இரு கைகளையும் குவித்துக் காட்டிய முகத்தை அதில் தேடினாள், அகப்படவில்லை. அவரிடம் உத்தரவு கேட்க இனி இயலாது என்பது அப்போதுதான் அவளுக்கு முழுமையாக விளங்கியது.

"அக்கா, தம்பியே தூக்கட்டும்."

"நீ சும்மா இரும்மா. உனக்கு ஒண்ணும் தெரியாது."

"தெரியும் அக்கா. தம்பி போட்ட ஸ்விட்ச் சரியாத்தான் இருந்தது. அடிக்கடி விழுந்து குஞ்சு சாகுதுன்னு ஒயரை நேராச் சேர்த்துவிட்டது உங்க பெரிய தம்பிதான். தம்பிக்கு அது தெரியவே தெரியாது. எனக்குத் தெரியும்."

அக்காள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "பொய் சொல்றே. உயிரோட இருக்கறவனைக் காப்பாத்தறதுக்குச் செத்தவன் தலையில கட்டறே. வாய் இல்லாதவன்னு நினைச்சுட்டியா?"

"அண்ணி, வேணாம்," என்றான் ஒயர்மேன் சுவரோரத்திலிருந்து.

அவன் சொன்னது அந்த இரண்டு சொற்களே. அக்காள் சட்டென்று அவன் பக்கம் திரும்பினாள். அவன் பேசக் கற்றதும் பொய் சொல்லக் கற்றதும் அவள் மடியில்தான். சிறிது நேரம் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான். முந்தைய நாள் அறை விழுந்த கன்னத்தில் லேசான வீக்கம் இன்னும் இருந்தது.

"நேத்து என்கிட்ட ஏன்டா அப்படிச் சொன்னே?"

அக்காள் மறுபடியும் மனைவியின் பக்கம் திரும்பினாள். குரல் மிகவும் இறங்கியிருந்தது.

"நீ பார்த்தியா?"

"பக்கத்துல நின்னேன்."

"நின்னு?"

"செய்யலாமான்னு கேட்டேன். அப்புறம் ஒண்ணும் சொல்லல."

தையல்காரரின் மருமகன் குனிந்த முதுகை நிமிர்த்தப் பார்த்து, மாமனாரின் முகத்தைக் கண்டு மறுபடியும் குனிந்தான். அக்காள் பலகையின் விளிம்பைப் பற்றியிருந்த கையை விரல்விரலாக எடுத்தாள். பிறகு மனைவியிடமிருந்து விலகி, வாசற்கதவின் மறுபக்கம் போய் நின்றுகொண்டாள். இருவருக்கும் நடுவில் ஒருவர் நிற்கும் அளவுக்கு இடம் இருந்தது. பெண்கள் பலர் இருந்தும் எவரும் அவ்விடத்தில் வந்து நிற்கவில்லை.

இனி இந்த வீட்டில் தன் நாட்கள் எப்படிக் கழியும் என்பது மனைவிக்குத் தெரிந்தது. ஒயர்மேனைப் பார்த்து, "வாங்க தம்பி, பிடிங்க," என்றாள். பிறகு, எல்லோருக்கும் கேட்கும்படி, ஆனால் குரலை உயர்த்தாமல், "நாளைக்கு ஆபீசர் வந்தா அவர்கிட்டயும் இதைத்தான் சொல்லப்போறேன்," என்றாள்.

ஒயர்மேன் வந்து நான்காவது மூலையைத் தோளில் ஏற்றினான். மற்ற மூவரைவிட அவன் உயரம். பலகை ஒருபக்கம் சாய்ந்தது. கடைக்காரர் "மெதுவா, மெதுவா" என்றார். அவன் முழங்காலை மடித்துத் தன் உயரத்தைக் குறைத்துக்கொண்டு, அப்படியே தெருமுனைவரை நடந்துபோனான்.